பழியஞ்சுதலும் பகுத்துண்ணலும்

1959 டிசம்பர் 30 அன்று ஜப்பானின் மினமாட்டா நகரில் ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஒரு பக்கம் சிஸ்ஸோ என்ற ரசாயன ஆலை. மறுபக்கம் கை நடுங்கி, வாய் குழறி, பார்வை சுருங்கிப்போன மீனவர்களும் அவர்களுடைய குடும்பத்தாரும். நோயுற்ற பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,00,000 யென். குழந்தைகளுக்கு 30,000 யென். இறந்தவரின் குடும்பத்துக்கு ஈமச்செலவு உட்பட ஒரே தடவையாக 3,20,000 யென். இதைப் பெற்றுக்கொள்கிறவர்கள், பின்னால் ஒருநாள் ஆலைக் கழிவுதான் நோய்க்குக் காரணம் என்று உறுதியானாலும், மேற்கொண்டு எந்த இழப்பீடும் கோரக் கூடாது என்று அதில் ஒரு ஷரத்து இருந்தது.

ஜப்பானில் நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஓர் உறையில் கொஞ்சம் பணம் வைத்துக் கொடுப்பது வழக்கம். நாம் பழமும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு போவதைப் போன்ற ஒன்று. ஆலை கொடுத்த தொகைக்கும் அந்த வழக்கத்தின் பெயரையே வைத்தார்கள். பக்கத்து வீட்டுக்காரரின் பரிவுக்கு உரிய பெயர் அது. நோயை உண்டாக்கியவனே நோயாளியைப் பார்க்க வந்தவனைப் போல உறையை நீட்டினான். வாங்கிக்கொண்டவர்கள் அதற்கு நன்றியும் சொல்ல வேண்டியிருந்தது.

கையெழுத்தான நாளில் ஆலைக்கு உண்மை தெரிந்திருந்தது. ஆலை மருத்துவமனையின் தலைவர் ஹஜிமே ஹொசொகாவா. 1956 மே 1 அன்று இந்த நோயைப் பற்றி ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு முதலில் தகவல் கொடுத்தது அவருடைய மருத்துவமனைதான். அசிட்டால்டிஹைடு பிரிவிலிருந்து வெளியேறும் கழிவை உணவில் கலந்து அவர் ஒரு பூனைக்குக் கொடுத்துப் பார்த்தார். 400 என்று எண்ணிட்ட அந்தப் பூனை 1959 அக்டோபரில் மீனவர்களைப் போலவே வலிப்பு கண்டு விழுந்தது. நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொல்லி, முடிவை அமுக்கிவிட்டது. டிசம்பரில் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் இயந்திரம் ஒன்றை ஆலை திறந்தது. திறப்பு விழாவில் நிறுவனத் தலைவர் ஒரு குவளைத் தண்ணீரை எல்லோருக்கும் முன்னால் குடித்துக் காட்டினார். நோய்க்குக் காரணமான, கழிவில் கரைந்திருக்கும் பாதரசத்தை நீக்கும் திறன் அந்த இயந்திரத்துக்கு இல்லை. 1968 வரை அந்தக் கழிவு கடலுக்குப் போய்க்கொண்டே இருந்தது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு என்பதை மேலாண்மைப் படிப்புகள் உலகம் முழுதும் ஒரே அச்சில் வார்க்கப்பட்ட விஷயமாகவே சொல்லித் தருகின்றன. மினமாட்டாவைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு அது உண்மையில்லை என்று உறுதிப்பட்டது. ஒரு நிறுவனம் தான் இயங்கும் ஊருக்குக் கடன்பட்டிருக்கிறது. அந்தக் கடனை எந்த வடிவில் தீர்ப்பது என்பதை அந்த மண்ணின் வழக்கங்கள் முன்கூட்டியே வகுத்து வைத்திருக்கின்றன. யாரெல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி, யார் அதற்கு வெளியே என்பதையும் அவையே தீர்மானிக்கின்றன. தவறை ஒப்புக்கொள்ளாமலேயே நல்லவராகத் தோன்றுவதற்கு ஒவ்வொரு பண்பாட்டிலும் ஒரு வழி இருக்கிறது. நிறுவனங்கள் அதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுகின்றன.

ஜப்பானிய வணிகருக்கு அறம் புதிதல்ல. பிவா ஏரிக்கரையிலிருந்து ஊர் ஊராகச் சுமை தூக்கிச் சென்று விற்ற ஓமி வணிகர்களின் மரபு இன்றும் அங்கே பெருமையோடு நினைவுகூரப்படுகிறது. 1754-இல் அவர்களில் ஒருவர் தன் வாரிசுக்கு எழுதிவைத்த உயிலில், வேற்றூருக்கு விற்கப் போனால் உன் இலாபத்தை மட்டும் நினைக்காதே, அந்த ஊர் மக்களின் நன்மையையும் நினை என்று சொல்லியிருந்தார். விற்பவருக்கு நன்மை, வாங்குபவருக்கு நன்மை, உலகத்துக்கு நன்மை என்று பிற்காலத்தார் அதை மூன்றாகச் சுருக்கினார்கள். இதோச்சு போன்ற பெருநிறுவனங்கள் இன்று அதைத் தங்கள் கொள்கையாகவே அறிவித்துள்ளன. சுமார் 500 நிறுவனங்கள் தோன்றக் காரணமாயிருந்த ஷிபுசாவா எய்இச்சி, கன்பூசியஸின் உரைகளையும் மணிச்சட்டத்தையும் ஒரே மேசையில் வைக்க வேண்டும் என்று வாழ்நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 2024 முதல் 10,000 யென் நோட்டில் அவர் முகம்தான் இருக்கிறது.

இத்தனை நல்ல மரபுள்ள நாட்டில் மினமாட்டா எப்படி நடந்தது? விடை ஊருக்குள்ளேயே இருந்தது. 1908-இல் ஆலை வந்த பிறகு அந்த ஊர் ஆலையின் ஊராகிவிட்டது. பழைய காலத்தில் பிரபுவின் கோட்டையைச் சுற்றி ஊர் அமைந்ததைப் போல ஆலையைச் சுற்றிக் கடைகள், குடியிருப்புகள், மருத்துவமனை. வேலை, வரி, மரியாதை எல்லாம் அங்கிருந்து வந்தன. ஆலை தன் ஊழியர்களைக் குடும்பமாகவே பாவித்தது. அந்தப் பாவனையில் உண்மையும் இருந்தது. ஆனால் கடலோரக் குடிசைகளில் இருந்த மீனவர்கள், பலரும் அமகுசா தீவுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள், அந்தக் குடும்பத்தில் இல்லை. 1959-இல் கழிவுநீரை நிறுத்தச் சொல்லி மீனவர்கள் கிளம்பியபோது, நகரத் தலைவரும் வணிகர் சங்கமும் தொழிற்சங்கமும் ஒன்றாகப் போய் மாகாண ஆளுநரிடம் நிறுத்தாதீர்கள் என்று மனுக் கொடுத்தார்கள். உலகத்துக்கு நன்மை என்பதில் வரும் உலகம், அந்த ஊரில் ஆலையின் மதிலோடு முடிந்துபோனது.

தேசியப் பண்பாட்டுக்கும் நிறுவனப் பொறுப்புக்கும் உள்ள உறவை ஆராய்பவர்கள் பெரும்பாலும் ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு அறிஞரின் அளவுகோலைக் கையில் எடுக்கிறார்கள். 1967 முதல் 1973 வரை ஐபிஎம் நிறுவன ஊழியர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்பிலிருந்து அவர் நாடுகளுக்கு மதிப்பெண் போட்டார். மேல்-கீழ் ஏற்றத்தாழ்வை மக்கள் எவ்வளவு இயல்பாக ஏற்கிறார்கள் என்ற கணக்கில் இந்தியாவுக்கு 77, ஜப்பானுக்கு 54, அமெரிக்காவுக்கு 40, ஜெர்மனிக்கு 35. இந்த எண்கள் அடியோடு பொய் என்று நான் சொல்ல மாட்டேன். 77 என்ற எண்ணைப் பார்க்கும்போது ஒரு மேலாளரின் அறைவாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும் மனிதர் எனக்கு நினைவுக்கு வராமல் இல்லை. ஆனால் இவை ஒரு நாட்டை ஒரே ஆளாக்கிவிடுகின்றன. சிஸ்ஸோவின் தலைவரும் ஜப்பானியர், படுத்த படுக்கையாகக் கிடந்த மீனவச் சிறுமியும் ஜப்பானியர். இருவருக்கும் சேர்த்து ஒரே மதிப்பெண் என்றால் அது யாருடைய பண்பாடு?

அந்தக் கேள்விக்கு நோயாளிகளே விடை சொன்னார்கள். 1968 செப்டம்பரில் அரசு உண்மையை அறிவித்த பின் நிறுவனத் தலைவர் வீடு வீடாகப் போய் வணங்கி மன்னிப்புக் கேட்டார். அங்கே அது பெரிய காரியம். பலருக்கு அதோடு விஷயம் முடிந்ததாகத் தோன்றியது. முடியவில்லை என்று சொன்ன குடும்பங்கள் 1969-இல் வழக்குத் தொடுத்தன. ஆளுக்கு ஒரு பங்கு வீதம் சிஸ்ஸோவின் பங்குகளை வாங்கும் இயக்கம் ஒன்றும் தொடங்கியது. 1970 நவம்பர் 28 அன்று ஒசாகாவில் நடந்த பங்குதாரர் கூட்டத்துக்கு நோயாளிகள் புத்த யாத்திரிகர்களின் வெள்ளை உடையில் வந்தார்கள். யாத்திரையில் பாடும் பக்திப் பாடல்களை மணியடித்துப் பாடினார்கள். பெற்றோர் இருவரையும் இந்த நோய்க்குப் பறிகொடுத்த பெண் ஒருவர், வீட்டுப் பூசையறையில் வைத்து வணங்கும் அவர்களுடைய பெயர்ப் பலகைகளைக் கையில் ஏந்திக்கொண்டு மேடையேறி, நிறுவனத் தலைவரின் முகத்துக்கு நேரே நீட்டினார். நீயும் ஒருவருக்குப் பிள்ளைதானே, என் வேதனை உனக்குப் புரியாதா என்பதே அவர் கேட்டதன் சாரம். கண்ணகியை அறிந்த நமக்கு அந்தக் காட்சியை விளக்கத் தேவையில்லை.

ஆலை ஊர்வழக்கத்தை எடுத்துக் குற்றத்தின்மேல் போர்த்தியது. நோயாளிகள் அதே ஊரின் பக்தியையும் மூதாதையர் வழிபாட்டையும் எடுத்து அந்தப் போர்வையை விலக்கினார்கள். 1973 மார்ச் 20 அன்று குமமோட்டோ மாவட்ட நீதிமன்றம், 1959 ஒப்பந்தம் பொது ஒழுக்கத்துக்கு விரோதமானது, ஆகவே செல்லாது என்று தீர்ப்பளித்தது. உயிரோடு இருந்த நோயாளிகளுக்கும் இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் 1 கோடியே 60 லட்சம் யென் முதல் 1 கோடியே 80 லட்சம் யென் வரை இழப்பீடு. உறையில் வைத்துக் கொடுத்த பரிவுப் பணத்துக்கும் நீதிமன்றம் வாங்கித் தந்த உரிமைப் பணத்துக்கும் உள்ள தூரம் அது. அந்த வழக்கில் தீர்மானகரமாக இருந்த சாட்சியங்களில் ஒன்று, 1970 ஜூலையில் மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி ஹொசொகாவா பூனையைப் பற்றிச் சொன்னது. மூன்று மாதங்களில் அவர் இறந்துபோனார்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த இடம் வேறு. 1968 ஆகஸ்டில் சிஸ்ஸோவின் தொழிற்சங்கங்களில் ஒன்று ஒரு தீர்மானம் போட்டது. அதை வெட்கப் பிரகடனம் என்று குறிப்பிடுகிறார்கள். இத்தனை ஆண்டுகளாக நாம் மினமாட்டா நோயாளிகளுக்காக ஒன்றுமே செய்யவில்லை, தொழிலாளர்களாகவும் மனிதர்களாகவும் இதற்காக வெட்கப்படுகிறோம் என்றது அந்தத் தீர்மானம். அந்தச் சங்கம் 1962-இல் நீண்ட வேலைநிறுத்தம் செய்து, நிர்வாகத்தால் பிளக்கப்பட்டு, குடும்பம் என்று சொன்ன ஆலையாலேயே ஒதுக்கி வைக்கப்பட்ட சங்கம். தானே வெளியே தள்ளப்பட்ட பிறகுதான் வெளியே நின்றிருந்த மீனவர்கள் அதன் கண்ணில் பட்டார்கள்.

மற்ற நாடுகளைப் பற்றி இங்கே விரிவாகப் பேச இடமில்லை. அமெரிக்காவில் ஆண்ட்ரூ கார்னகி 1889-இல் எழுதிய கட்டுரையில், செல்வத்தைக் கூலியாகச் சில்லறை சில்லறையாகப் பிரித்துக் கொடுத்தால் வீணாகும், செல்வந்தனே சேர்த்துவைத்துப் பொதுநலனுக்குச் செலவிடுவதே மேல் என்று வாதிட்டார். 1892-இல் கூலிக்குறைப்பை எதிர்த்து அவருடைய ஹோம்ஸ்டெட் எஃகாலைத் தொழிலாளர்கள் போராடியபோது துப்பாக்கிச் சண்டையில் உயிர்கள் போயின, சங்கம் நொறுக்கப்பட்டது. 1898-இல் அதே ஊருக்கு அவர் அழகிய நூலகம் கட்டிக் கொடுத்தார். நாளுக்கு 12 மணி நேரம் உலையருகே நின்றவர்கள் எப்போது அங்கே போய்ப் படிப்பார்கள் என்று கேட்ட தொழிலாளர்களின் கேள்விக்கு, உலகெங்கும் அவர் பணத்தில் எழுந்த 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் பதிலாகா. ஜெர்மனியில் வேறு மாதிரி. அங்கே 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தின் மேற்பார்வைக் குழுவில் பாதி இடங்கள் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கு என்று 1976-இல் சட்டம் வந்தது. அதே ஜெர்மனியில்தான் ஃபுக்கர் என்ற வணிகக் குடும்பம் 1521-இல் ஏழைகளுக்கு என்று ஔக்ஸ்பர்க் நகரில் கட்டிய வீடுகளும் இருக்கின்றன. ஆண்டு வாடகை இன்றும் ஒரு யூரோவுக்கும் குறைவு. குடியிருப்பவர்கள் கட்டியவரின் குடும்பத்துக்காக நாள்தோறும் பிரார்த்திக்க வேண்டும். ஒரே நாட்டுக்குள் இரண்டு வழிகள்.

இப்போது நம் பக்கம் வருகிறேன். நம்மிடம் பழமையான, உறுதியான ஒரு கொடை மரபு இருக்கிறது. நகரத்தார் கொண்டுவிற்கப் போன பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் வரவில் ஒரு பங்கைச் சாமி கணக்கில் மகமையாக வரவு வைத்தார்கள். விருதுநகர் கடைவீதியில் உறவின்முறையின் மகமையும், வீட்டுக்கு வீடு பெண்கள் எடுத்துவைத்த பிடி அரிசியும் சேர்ந்து வளர்த்த பள்ளியில்தான் காமராசர் படித்தார். கோயம்புத்தூரில் 1926-இல் நான்கு சகோதரர்கள் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பிரித்து, ஐந்தாவது பங்கைத் தருமத்துக்கு வைத்தார்கள், பி.எஸ்.ஜி. கல்வி நிலையங்கள் அதிலிருந்து வந்தவை. இவற்றைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. இந்தப் பணத்தில் படித்தவர்களின் பேரன் பேத்திகள் பலர் இன்றைய தமிழ்நாட்டின் நடுத்தர வர்க்கத்தில் இருக்கிறார்கள்.

2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டத்தில் 135-ஆவது பிரிவு வந்தபோது இந்த மரபுதான் சட்டமானது என்று நினைக்கிறேன். நிகர மதிப்பு 500 கோடி ரூபாய், அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர இலாபம் 5 கோடி உள்ள நிறுவனம், முந்தைய மூன்றாண்டு சராசரி நிகர இலாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. இவ்வளவு விரிவாக இதைக் கட்டாயமாக்கிய முதல் பெரிய நாடு இந்தியா. சதவீதக் கணக்கில் ஒதுக்கு, தருமத்துக்குக் கொடு, கணக்கு எழுது. அதாவது தேசம் தழுவிய மகமை.

ஆனால் எதெல்லாம் இந்தக் கணக்கில் வராது என்று பார்க்க வேண்டும். நிறுவனம் தன் வழக்கமான தொழிலை நடத்தும்போது செய்வது எதுவும் வராது. தன் ஊழியர்களுக்கு மட்டுமே பயன்படுவது வராது. இதற்கு நியாயம் உண்டு. கூலி கொடுப்பதையும் கழிவைச் சுத்திகரிப்பதையும் தருமக் கணக்கில் எழுதவிட்டால் அதைவிட அநியாயம் இல்லை. ஆயினும் விளைவு என்ன? சமூகப் பொறுப்பு என்ற பெரிய சொல் முழுவதும் அந்த 2 சதவீதத்துக்குப் போய்விட்டது. மீதி 98 எப்படி வந்தது என்பது தொழிலாளர் துறைக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் உரிய வேறு ஏதோ விவகாரமாகிவிட்டது. பொறுப்பு என்றால் கொடுப்பது என்றே நாட்டுக்குப் பழகிவிட்டது. யாருக்கு, எதற்கு என்பதில் கூடக் கேள்வி குறைவு. 2016-17-இல் அரசின் ஐந்து எண்ணெய் நிறுவனங்கள் குஜராத்தில் படேல் சிலைக்காக 146 கோடி ரூபாய்க்கு மேல் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து கொடுத்ததைத் தலைமைத் தணிக்கையாளரின் அறிக்கை 2018-இல் சுட்டிக்காட்டியது.

தொழிற்பேட்டையை ஒட்டிய ஏதாவதொரு கிராமத்துக்கு, அங்குள்ள அரசுப் பள்ளிக்குப் போய்ப் பாருங்கள். நுழைந்ததும் நீல நிறக் குடிநீர் இயந்திரம். அதன்மேல் நிறுவனத்தின் சின்னம், திறந்துவைத்த அதிகாரியின் பெயர், தேதி. கழிப்பறைச் சுவரிலும் அதே சின்னம். பிள்ளைகள் வரிசையில் நின்று குப்பியில் தண்ணீர் பிடிப்பார்கள். தலைமை ஆசிரியர் அந்த நிறுவனத்தைப் பற்றி மனதாரப் புகழ்வார். கூரை ஒழுகியபோது கேட்டதும் ஆள் அனுப்பியவர்கள் அவர்கள். அவர் சொல்வது முழுக்க உண்மை. அந்த ஊரில் 30 ஆண்டுக்கு முன் கிணற்றுத் தண்ணீரையே குடித்தார்கள் என்பதும் உண்மை. நொய்யல் பாசனத்துக்கென்று ஒரத்துப்பாளையத்தில் கட்டிய அணை சாயக்கழிவின் தொட்டியாகி, உழவர்களே அந்தத் தண்ணீர் வேண்டாம் என்று நீதிமன்றம் போன மாநிலம் இது. குடிநீர் இயந்திரம் யார் கொடுத்தது என்பதற்குப் பலகை இருக்கிறது. கிணறு யாரால் கெட்டது என்பதற்குப் பலகை இல்லை.

கொடை வடிவம் எவ்வளவு ஆழமாகப் போக முடியும் என்பதற்கு நூற்பாலைகளின் சுமங்கலித் திட்டத்தைவிடக் கொடிய உதாரணம் எனக்குத் தெரியவில்லை. திருமகள் திருமணத் திட்டம் என்றும் அதற்குப் பெயர் உண்டு. ஊரில் கேம்ப் கூலி என்பார்கள். தென் மாவட்டங்களின் ஏழை வீடுகளிலிருந்து, பெரும்பாலும் தலித் வீடுகளிலிருந்து, வயதுக்கு வந்த பெண்களை ஏஜெண்டுகள் மேற்கு மாவட்ட ஆலைகளுக்கு அழைத்துப் போவார்கள். விடுதியில் அடைந்து கிடந்து மூன்றாண்டு வேலை. அன்றாடக் கூலி சொற்பம். மூன்றாண்டும் நிறைந்தால் முப்பதாயிரம், ஐம்பதாயிரம் என்று மொத்தமாக ஒரு தொகை, கல்யாணச் செலவுக்கு. இடையில் நோய் வந்தோ பொறுக்க முடியாமலோ வெளியேறினால் அது போய்விடும். அவளுடைய சம்பளத்தையே பிடித்து வைத்து, தாய்மாமன் சீர் செய்வதைப் போல அவளுக்கே கொடுத்தார்கள். பெற்றோர் கைகூப்பி வாங்கிக்கொண்டார்கள். 2011-இல் நெதர்லாந்தின் ஆய்வு அமைப்புகள் இதை விரிவாக வெளியிட்டபோது, இந்த நூலில் நெய்த துணியை விற்ற ஐரோப்பியக் கடைகள் திகைத்தன. அவர்களிடம் நன்னடத்தை விதிகளும் தணிக்கையாளர்களும் இருந்தார்கள். ஆனால் தணிக்கை தையல் ஆலையோடு நின்றது, நூற்பாலைக்குப் போகவில்லை. திருமண உதவி என்று எழுதியிருந்த கட்டத்தில் கொத்தடிமையைத் தேட அவர்களுடைய படிவத்துக்குத் தெரியவில்லை.

மினமாட்டாவின் பாதரசம் கொடைக்கானலிலும் இருந்தது. அமெரிக்காவின் வாட்டர்டவுனில் மூடப்பட்ட வெப்பமானி ஆலையைப் பாண்ட்ஸ் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் இங்கே கொண்டுவந்து நிறுவியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவரின் கைக்குப் போனது. ஆலை பாம்பார் சோலைக்கு மேலே ஒரு மலைமுகட்டில் இருந்தது. உடைந்த கண்ணாடியிலிருந்து உருண்டோடிய பாதரச மணிகள் துணியில் ஒட்டி வீடுவரை வந்ததை முன்னாள் தொழிலாளர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பகுதியின் பழைய சாமான் கிடங்கில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு டன் கணக்கில் கிடப்பதை ஊராரும் கிரீன்பீஸ் அமைப்பும் அம்பலப்படுத்த, ஆலை மூடப்பட்டது. 2003-இல் 290 டன் கழிவு கப்பலேறி அமெரிக்காவுக்கே திரும்பிப் போனது. தொழிலாளர்களின் உடல்நலம் பாதரசத்தால் பாதிக்கப்படவில்லை என்ற நிலையிலேயே நிறுவனம் கடைசிவரை நின்றது. சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு பத்தாண்டுகள் நடந்தது. 2015-இல் சென்னையைச் சேர்ந்த ஓர் இளம் பாடகியின் பாட்டு இணையத்தில் லட்சக்கணக்கானவர்களை எட்டியபின், 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களோடு சமரசம் ஏற்பட்டது. தொகை வெளியிடப்படவில்லை. எந்தப் பொறுப்பையும் ஏற்காமல், மனிதாபிமான அடிப்படையில் வழங்கப்படும் கருணைத் தொகை என்பது நிறுவனத்தின் நிலை.

1959-ஐயும் 2016-ஐயும் நான் சமமாக வைக்கவில்லை. கொடைக்கானல் தொழிலாளர்கள் வழக்கறிஞர்களோடு, பத்தாண்டு போராடி, தெரிந்தே கையெழுத்திட்டார்கள். அவர்களுடைய சங்கம் அதை வெற்றியாகவே கருதியது, கருதவும் உரிமை உண்டு. ஆனால் இரண்டிலும் பணம் கைமாறிய வடிவம் ஒன்றுதான். கொடுப்பவர் தவறிழைத்தவராக வரவில்லை, மனம் இரங்கியவராக வந்தார். ஜப்பானில் அதற்கு நோய் விசாரிக்கும் வழக்கம் உதவியது. இங்கே கருணை உதவியது. உலகம் முழுதும் நீடித்த வாழ்வுக்கான திட்டம் என்று 2010-இல் அறிவித்து, சமூகப் பொறுப்பின் முன்மாதிரி என்று பாராட்டப்பட்ட, இந்துஸ்தான் லீவரின் தாய் நிறுவனத்துக்கு, ஒரு மலையூரின் தொழிலாளர்களிடம் இது எங்கள் பிழை என்று சொல்ல முடியவில்லை. நம் பொதுக் கருத்தும் அதைச் சொல்லச் சொல்லி நெருக்கவில்லை. கிடைத்ததே, அது போதும் என்று பத்திரிகைகள் அடுத்த செய்திக்குப் போய்விட்டன.

இதெல்லாம் நம் பண்பாடு என்றால் வேறு வழியே இல்லையா? இருக்கிறது, அதுவும் நம்முடையதே. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்தில் வள்ளுவர் பழிக்கு அஞ்சுவதையும் பகுத்து உண்பதையும் ஒரே குறளில் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறார். பரிமேலழகர் அந்த அச்சத்தைப் பொருள் ஈட்டும் காலத்துக்கு உரியதாகவே உரை எழுதினார். முதலில் சம்பாதிக்கும்போது அஞ்சு, பிறகு பகிர். பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைப் புகழும்போது அவர்கள் கட்டிய சத்திரங்களைச் சொல்லிப் புகழவில்லை. வாங்கும்போதும் விற்கும்போதும் அளவு தவறாதவர்கள், பிறர் பொருளையும் தம்முடையதாக எண்ணியவர்கள், பழிக்கு அஞ்சி உண்மை பேசியவர்கள் என்றே புகழ்ந்தது. தொழில் நடக்கும் இடத்திலேயே அறத்தைத் தேடிய மரபு அது. மினமாட்டாத் தொழிலாளர்கள் 1968-இல் வெட்கம் என்று சொன்னதற்கும் இந்தப் பழியஞ்சுதலுக்கும் அதிகத் தூரமில்லை. நம் நிறுவனங்கள் குறளின் இரண்டாம் பாதியை எடுத்துக்கொண்டு முதல் பாதியை விட்டுவிட்டன. கொடுப்பதை மட்டும் வியந்து வியந்து நாமும் அதற்குத் துணைபோனோம்.

சட்டத்தில் ஒரு வாசல் திறந்திருக்கிறது. பங்குச் சந்தையில் பட்டியலிட்ட முதல் 1,000 நிறுவனங்கள் 2022-23 நிதியாண்டு முதல் ஒரு பொறுப்பு அறிக்கையைக் கட்டாயம் வெளியிட வேண்டும் என்று செபி விதித்துள்ளது. அதில் கொடை விவரம் சிறு பகுதிதான். எத்தனை பேர் நிரந்தரம், எத்தனை பேர் ஒப்பந்தத் தொழிலாளர், ஆணுக்கும் பெண்ணுக்கும் என்ன சம்பளம், ஆண்டில் எத்தனை விபத்து, எத்தனை சாவு, எவ்வளவு தண்ணீர் எடுத்து எவ்வளவு கழிவை விட்டார்கள், என்ன அபராதம் கட்டினார்கள், ஊர்மக்கள் என்னென்ன புகார் கொடுத்தார்கள் என்றெல்லாம் அதில் சொல்லியாக வேண்டும். ஜெர்மனியில் 2023 முதல் நடைமுறையான விநியோகச் சங்கிலிச் சட்டமும், திருப்பூரில் வாங்கும் நிறுவனத்திடம் இதே மாதிரியான கேள்விகளைக் கேட்கிறது. ஆனால் நம் அறிக்கைகள் ஆங்கிலத்தில், ஆண்டறிக்கையின் பின்பக்கங்களில், முதலீட்டாளர்களுக்காக இருக்கின்றன. ஆலைவாசலில் குடியிருப்பவர்கள் அதைப் பார்த்ததேயில்லை.

ஆகவே என் வேண்டுகோள் சிறியது. உங்கள் ஊராட்சியில் பெரிய ஆலை ஏதாவது இருந்தால், அந்த அறிக்கையில் உங்கள் ஊர் ஆலையைப் பற்றிய பக்கங்களைத் தமிழில் எழுதி ஊராட்சி அலுவலகச் சுவரில் ஒட்ட வேண்டும் என்று அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். பள்ளிக்குக் குடிநீர் இயந்திரம் கொடுக்க வருகிறவர்களை வரவேற்று உட்கார வையுங்கள், தேநீர் கொடுங்கள். இயந்திரத்தை வாங்கிக்கொள்ளும் முன், கிணற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள்.